ஆறப்போட்ட ஆசைகள்

(சான் ஹோசே அருகே, பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பொண்ணு சைக்காலஜிதான் படிப்பேங்கிறா. அதுவும் கம்யூனிட்டி காலேஜ்ல. என்ன பண்றதுன்னே தெரியலைங்க." கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டாண்டு அரசுக் கல்லூரி. அவர் சொன்ன அந்த 'அதுவும்' மனதிலேயே நிற்கிறது.

நான் 2006இல், வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இந்த ஊருக்கு வந்தேன். அப்போது அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை, படிக்கலாம். கோயம்புத்தூரில் பி.காம். முடித்திருந்த நான், இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சமூகவியல் அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். மாலை நேர வகுப்பு. பக்கத்து இருக்கையில் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண். பின்னால் ஈராக்கிலிருந்து திரும்பிய ராணுவ வீரர். முன்வரிசையில் 60 வயதைத் தாண்டிய ஒரு வியட்நாமிய அம்மா. வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்று ஆசிரியர் கேட்டார். அந்த இரவுப் பணிப் பெண் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டோம். பதினெட்டு வயதுக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்த மாலை வாய்த்திருக்காது.

அதே வகுப்பில்தான் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளரின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தோம். அவர் ஆராய்ந்த இடம் சான் ஹோசே ஜூனியர் காலேஜ், அதாவது அந்தக் காலத்துக் கம்யூனிட்டி காலேஜ். எங்கள் வகுப்பிலிருந்து சில மைல் தூரம்தான். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆசையோடு பிள்ளைகள் வருகிறார்கள். நுழைவுத் தேர்வு, ஆலோசகரோடு பேச்சு, 'முன்னேற்றம் தேவை' என்று ஒரு கடிதம், பிறகு எச்சரிக்கைப் பட்டியல். யாரும் 'நீ போகாதே' என்று சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பிள்ளையே 'எனக்கு இது போதும்' என்று முடிவுசெய்யும்படி ஆகிறது. நம் ஊரில் ஒரு விஷயத்தை ஆறப்போடுவது என்போமே, கிட்டத்தட்ட அதுதான். எர்விங் காஃப்மன் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளார்க் இந்தக் கருத்தை எடுத்தார். அந்தக் கட்டுரையில், பணம் பறிகொடுத்தவன் புகார் கொடுக்கப் போகாமல் இருக்க, மோசடிக் கும்பல் ஒரு ஆளை விட்டு அவனைச் சமாதானப்படுத்துமாம்.

அன்றைக்கு வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் அந்த ராணுவ வீரர் கேட்டார்: "அப்படியென்றால் இது எங்களைப் பற்றியா?" எத்தனையோ பாடங்கள் படித்திருக்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே ஆராய்ச்சிப் பொருளாக்கிய பாடம் அது ஒன்றுதான். சமூகவியலை விடக்கூடாது என்று நான் முடிவுசெய்ததும் அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 1960இல்தான் கலிஃபோர்னியா தன் உயர்கல்வித் திட்டத்தை வகுத்தது. பள்ளிப் படிப்பில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, மேல்மட்ட மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு. மற்ற எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜின் கதவு திறந்திருக்கும். உள்ளே விட்டது ஒரு கை, ஆறப்போட்டது இன்னொரு கை. இரண்டும் உண்மை. நம் பெற்றோர் பலர் இரண்டாவதை மட்டும் எங்கோ கேள்விப்பட்டு, முதலாவதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

நிலைமை அப்படியே நிற்கவுமில்லை. 2010இல் வந்த மாநிலச் சட்டம், 60 யூனிட்டில் (யூனிட் என்பது பாடத்தின் அளவு) முடிகிற, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை முடித்தால், 'கால் ஸ்டேட்' என்று சொல்லப்படும் அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேர இடம் உறுதி. நினைத்த வளாகமே கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உளவியல், சமூகவியல் இரண்டிலும் இந்தப் பட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகச் செலவு தனி.

'சைக்காலஜி சுலபம்' என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டத்துக்குப் புள்ளியியல் கட்டாயம், ஆய்வு முறைகளும் கட்டாயம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த ஆய்வில், மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் வைத்திருந்த கதையைப் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள். ஒரு மனிதரிடம் கேள்வித்தாளை நீட்டுமுன் ஏன் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு மறக்காது.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். முதல் செமஸ்டரிலேயே கவுன்சிலரைப் பார்த்து, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளினால் ஆறத் தொடங்கிவிடும். எந்தக் காலேஜ் வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுபடியாகும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வாசலில் கேட்ட அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் மகளும் வந்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் மூன்று பேரும் இந்த மேசையிலேயே உட்கார்ந்து அந்த இணையதளத்தைத் திறந்து பார்க்கப்போகிறோம். வேறு யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.