பழைய கணினிகளும் பஞ்சுத் தூசியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வேண்டாமென்று ஒதுக்கிய கணினிகளை ஒன்றாகக் கோத்து, பெரிய கணக்கு ஒன்றைப் பங்குபோட்டுச் செய்ய வைக்க முடியுமா என்று கல்லூரி மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக முடியும். 1994இல் நாசாவின் காடர்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கணினியின் மூளையான பிராசஸர்களில் 486 ரகத்தைச் சேர்ந்த பதினாறை ஈதர்நெட் என்னும் கேபிள் வலையில் இணைத்து, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நடந்தது இன்னும் சுவை. பணம் கேட்ட விண்ணப்பம் தள்ளுபடியானதும், கழித்துக்கட்டிய கணினிகளைத் தேடிச் சேர்த்தே அமெரிக்காவின் சூழல் மண்டலங்களை வரைபடமாக்கினார்கள்.

ஆகவே, கட்டுவதில் கஷ்டமில்லை. ஒரே மாடல் கணினிகள், அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் கிகாபிட் ஸ்விட்ச் என்ற பெட்டி ஒன்று, கேபிள்கள், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், அவ்வளவுதான். அடுத்த வருடமும் அது ஓடுகிறதா என்பதே என் கவலை.

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். அங்கிருந்த கிளஸ்டர், அதாவது இப்படிக் கோத்த கணினிக் கூட்டம், காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியானம் ஆனால் சன்னலோரக் கணினி மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடும். ஒன்று அணைந்தால் மற்றவை அதன் பங்கு விடைக்காகக் காத்து நிற்கும். மொத்தக் கணக்கும் நின்றுபோகும். மாணவர்கள் ராமை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், லினக்ஸைப் புதிதாக ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அறையின் மின்விசிறியைச் சரிசெய்ய வந்த தறி மெக்கானிக் ஒருவர்தான் மூடியைக் கழற்றச் சொன்னார். பிராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கு முழுவதும் சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைத்துக் கிடந்தது. நகத்தால் நெம்பியதும் ஒரே பாளமாக உரிந்து வந்தது. "தறி மோட்டாரும் இப்படித்தானுங்க ஐயா, காற்றுக்கு வழியில்லாமல்தான் நின்றுபோகும்" என்றார். சூடு எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸரே கணினியை நிறுத்திவிடும். மத்தியான வெயிலில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிட்டது.

கோவையிலும் திருப்பூரிலும் பல்லடத்திலும் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாதம் ஒருமுறை மூடியைத் திறங்கள். கணினியை வெளியே கொண்டுபோய் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது உள்ளிருக்கும் குட்டி விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும்.

அடுத்தது கரண்ட். ஒரு பழைய கணினி 80 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படிப் பதினாறு கணினிகள் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 31 யூனிட். இரண்டு மாத பில்லில் 1,800 யூனிட்டைத் தாண்டும். சும்மா கிடைத்த கணினிகள் சும்மா ஓடுவதில்லை! சற்றுப் புதிய நான்கே கணினிகளில் அதே வேலை முடியும் என்றால் அவற்றை வாங்குவதே சிக்கனம்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் கட்டுப்படியாகாது. வேலையைப் பங்குபோடும் தலைமைக் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இருந்தால் போதும். நீண்ட கணக்கென்றால், இதுவரை வந்த விடையை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதிவைக்கும்படி நிரலை அமையுங்கள். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இன்னொன்று. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துபோனால் கணினி தேதியையும் அமைப்புகளையும் மறந்துவிடும். எஃப்1 சாவியை அழுத்தச் சொல்லித் திரையில் காத்திருக்கும். நம் கிளஸ்டரிலோ திரையே கிடையாது! கணினி செத்துவிட்டது என்று தூக்கிப்போடும் முன் அந்தச் சிறு பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நிரல் எழுதுவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். கணக்கில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாவிட்டால், பதினாறு கணினிகள் சேர்ந்தாலும் வேகம் 6.4 மடங்குக்கு மேல் போகாது. ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967இலேயே சொன்ன கணக்கு இது. அதனால் எத்தனை கணினி என்று கேட்பதற்கு முன், உங்கள் வேலையில் எவ்வளவு பிரியும் என்று பாருங்கள். இந்தக் கணினிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் எம்பிஐ என்ற முறை பற்றிப் பேச, இன்னொரு நாள் அழைத்தால் வருகிறேன். நன்றி, வணக்கம்.