தவளைக் கணக்குக்கு எட்டு

நடுவர் அவர்களே, பெற்றோரே, வணக்கம்.

இலங்கையில் ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு உயர்ந்தால் உயர்ந்தது பிள்ளையின் கல்வியா, பயிற்சியா? பயிற்சிதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் சொன்னார்: “வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையின் அம்மாதான் வெட்டுப்புள்ளியைக் குறை சொல்வா.” நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, என் மூத்த மகள் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துச் சித்தியடைந்தவள். அவளுடைய படம் பாடசாலை வாசலில் பதாகையாகத் தொங்கியது. அந்தப் பதாகையின் அம்மாதான் பேசுகிறேன். இப்போது கேளுங்கள்.

இளையவன் இந்த வருடம் ஐந்தாம் தரம். மாதிரி வினாத்தாளில் ஒரு தவளை. பத்து மீற்றர் கிணறு, பகலில் மூன்று மீற்றர் ஏறும், இரவில் இரண்டு மீற்றர் சறுக்கும், எத்தனையாம் நாள் வெளியே வரும்? நான் வாசித்து முடிக்கவில்லை, “எட்டு” என்றான். கெட்டிக்காரன்! பூரித்துப்போனேன்.

சரி, பன்னிரண்டு மீற்றர் கிணறு என்று மாற்றிக் கேட்டேன். “எட்டு.”

“மகன், கிணறு ஆழமாகிவிட்டதே?”

“தவளைக் கணக்குக்கு எட்டுத்தான் அம்மா!”

இவர் வேலையால் வந்து இருபது மீற்றர் கிணறு வெட்டிப் பார்த்தார். எட்டு! அப்பம்மா வந்து கேட்டா. எட்டு! பிறகு தவளையை எடுத்துவிட்டு ஒரு நத்தையைப் போட்டேன், பன்னிரண்டு மீற்றர். பிள்ளை திகைத்துப்போனான். “நத்தை வகுப்பில் தரவில்லை அம்மா” என்றான். கொப்பியில் கிணறு கீறி, கோடு போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, கடைசியில் “பத்தாம் நாள்!” என்று துள்ளினான்.

நடுவர் அவர்களே, அன்று என் பிள்ளை படித்தது அந்த நத்தையிடம். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது வினா எழுதும் தாளில் நத்தைக்கு நேரம் ஏது? எட்டுக்குத்தான் புள்ளி. அந்த எட்டுகளைக் கூட்டித்தான் “எங்கள் பெறுபேறு உயர்ந்தது” என்கிறார்கள்.

புள்ளி பொய் சொல்லாது என்றார் எதிரணியில் இன்னொருவர். 2024இல் என்ன நடந்தது? மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுத்தார்கள். அந்தப் புள்ளியில் எந்தப் பிள்ளையின் படிப்பு இருக்கிறது? வெட்டுப்புள்ளியும் வருடத்துக்கு வருடம் மாறும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதே புள்ளி எடுத்த பிள்ளை ஓரிடத்தில் வெற்றி, பக்கத்து மாவட்டத்தில் தோல்வி.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் மத்திய கல்லூரிக்குப் போகவே புலமைப்பரிசில் வந்தது. இன்று ரியூசனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் பின்தங்குகிறது.

மகளோடு ஒரே வாங்கில் இருந்த சிநேகிதி கொஞ்சப் புள்ளியில் தவறிவிட்டாள். தினமும் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த பிள்ளை, பதாகை கட்டிய நாளிலிருந்து வரவில்லை. அந்த வாசலால்தானே அவளும் போகவேண்டும்! என் மகள் கேட்டாள்: “அம்மா, என் படத்தைக் கழற்றச் சொல்லுங்கோ, அவள் வருவாள்.” பத்து வயது, ஐயா. இரண்டு பேருக்கும் பத்து வயது.

நான் போய்க் கேட்டேன், கழற்றவில்லை. நடுவர் அவர்களே, நீங்கள் எங்களுக்குத் தீர்ப்புத் தராவிட்டாலும் பரவாயில்லை, இந்த மேடையிலிருந்து அந்தப் பதாகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.