டேபிளா, தாப்லா?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள் நான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதுவேன். மேஜைக்கான பிரெஞ்சுச் சொல் அது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் அதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. வகுப்பு மொத்தமும் ‘டேபிள்’ என்று வாசிக்கும். இல்லை, ‘தாப்ல்’ என்பேன். ‘தாத்தா’ என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறதே, அங்கேயே வையுங்கள். அடுத்த நொடி சரியாக வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரருக்கு ‘ட’ கிடையாது, ‘த’தான். அது நம்மிடம் பிறந்ததிலிருந்து இருக்கிறது. ஆனால் நாம் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறோம். பாடநூலின் விளக்கம் ஆங்கிலம், நோட்டில் எழுதும் பொருள் ஆங்கிலம். தமிழைச் செருப்புபோல வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறோம். இது எனக்குப் பல வருடத்து ஆதங்கம்.

பிரான்சின் தலைநகரை அவர்கள் ‘பாரி’ என்பார்கள். கடைசி எழுத்து ஊமை. ஆங்கிலேயர் ‘ப’ சொன்னால் கூடவே ஒரு மூச்சு வெடிக்கும். பிரெஞ்சிலும் தமிழிலும் வெடிக்காது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைச் சொல்வதுபோலவே சொல்லலாம். அந்த ‘ர’வை மட்டும் தொண்டைக்குள் உரச வேண்டும்.

மூக்கொலியைக் கண்டு மாணவர்கள் மிரளுவார்கள். வீட்டுப் பேச்சில் ‘மரம்’ என்கிறபோது உதட்டை மூடியா முடிக்கிறோம்? ‘அவன் வந்தான்’ என்பதில் கடைசி ‘ன்’ எங்கே போனது? மூக்கில் கரைந்துவிட்டது. ‘நல்ல’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முடிவும் அதே ஒலிதான். காசு கட்டிப் பயிற்சி எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

பள்ளியில் உடம்படுமெய் படித்திருப்பீர்கள். மணியும் அடித்ததும் சேர்ந்தால் இடையில் ஒரு ‘ய்’ வந்து ‘மணியடித்தது’ ஆகும். இரண்டு உயிர் மோதக்கூடாது என்று நடுவில் ஒரு மெய் நிற்கிறது. பிரெஞ்சில் ‘இல் ஆ’ என்றால் ‘அவனிடம் இருக்கிறது’. கேள்வியாக்கத் திருப்பிப் போட்டால் ‘ஆ’வும் ‘இல்’லும் மோதும், உடனே ஒரு ‘த்’ நுழைந்து ‘ஆ-தில்?’ என்றாகும். இதைப் புணர்ச்சி என்று சொன்னதும் ஒரு மாணவி, “இதுக்கா மேடம் நாங்க ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டோம்?” என்றாள்.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது. மேஜை நமக்கு அஃறிணை, அவர்களுக்குப் பெண்பால். புத்தகம் ஆண்பால். பெரும்பாலும் காரணம் கேட்டுப் பயனில்லை. சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் வரும் ‘ல’, ‘லா’வோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி. எழுத்தும் படுத்தும். பறவைக்கான சொல்லில் ஆறு எழுத்து. ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்து உயிர்களும் அதற்குள் இருக்கின்றன, ஒன்றுகூடத் தன் சொந்தக் குரலில் பேசாது. மொத்தமாகச் சொன்னால் ‘வாஸோ’!

எண்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. 70 அவர்களுக்கு அறுபது-பத்து, 99 நாலிருபது-பத்தொன்பது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நாம் சிரிக்க முடியாது. 90க்குள் நூறையும் 900க்குள் ஆயிரத்தையும் வைத்துத் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறவர்கள் நாம்.

வேறு மொழி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஸ்பானிஷில் ‘அப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. ‘நான்’ வினையின் வாலிலேயே இருக்கிறது. ஜெர்மனில் ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் தொடரில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கில வழியில் படிப்பவருக்கு அது பெரிய தலைவலி. ஜப்பானியம் இன்னும் நெருக்கம். ‘டோக்கியோ நி இகிமாஸ்’ என்றால் ‘டோக்கியோவுக்குப் போகிறேன்’. ‘நி’ நம்முடைய ‘கு’. சொல் வரிசையைக்கூட மாற்ற வேண்டாம். அதன் எழுத்துகள் வேறு விஷயம், அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று மொழிப்பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும், எழுதியே தேறலாம். ஆனால் வெளியில் கேட்பது நிலைகளை. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் பொதுச் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். பிரெஞ்சுக்கு பி2 வரை டெல்ஃப் தேர்வு, அதற்கு மேல் டால்ஃப். டெல்ஃபில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 வேண்டும். மூன்றில் முழுசாக 75 வாங்கினாலும், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் தோல்விதான். தேறிவிட்டாலோ அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

அதனால் இன்று இரவு ஒரு வீட்டுப்பாடம். கண்ணாடி முன் நின்று ‘ஈ’ என்று இழுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். தமிழிலும் இல்லாத, ஆங்கிலத்திலும் இல்லாத ஒரு பிரெஞ்சு உயிர் வரும். பக்கத்தில் யாராவது சிரித்தால் நிறுத்தாதீர்கள், அநேகமாகச் சரியாகத்தான் வருகிறது.

நன்றி, வணக்கம்.