புள்ளத்தாச்சிக்குக் கரண்ட்டா?

வணக்கம் நேயர்களே. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், பிழைப்பு லண்டனில். ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்த நாளிலிருந்தே டென்ஸ் மெஷின், அதாவது தோலில் பேட் ஒட்டி வலிக்கு லேசாகக் கரண்ட் கொடுக்கிற கருவி, எனக்குப் பழக்கம். அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, "முட்டிக்குக் கரண்ட் வைக்கணும்மா" என்றுதான் வருவார்கள், வைத்துவிடுவேன், இருபது நிமிஷம் கழித்து எழுந்து போவார்கள். பிரசவ வலிக்கும் இதை வைக்கலாம் என்று படித்தபோது ஏதோ ஒரு வரி வந்தது. ஆனால் ஊரில் ஒருத்திக்கும் வைத்து நான் பார்த்ததில்லை. இங்கே வந்து, எனக்கே எட்டு மாதம் ஆனபோதுதான் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கிறவர், சர்வ சாதாரணமாகக் கேட்டார், டென்ஸ் வாடகைக்கு எடுத்துவிட்டாயா என்று.

பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. "புள்ளத்தாச்சிக்குக் கரண்ட்டா?" என்றார். நியாயமான கேள்விதான். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வைக்கமாட்டோம் என்று கிளினிக்கில் நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 37 வாரம் முடிவதற்கு முன்னால் கூடாது, வயிற்றில் எப்போதுமே ஒட்டக் கூடாது, இதயத் துடிப்புக்காகப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தொடவே வேண்டாம், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். இந்த நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ரேடியோவை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பீர்கள்.

பெட்டி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரியில் ஓடும். அதிலிருந்து நாலு ஒயர், நுனியில் பசையுள்ள நாலு பேட். முதல் ஜோடி பிராவின் பட்டி வருகிற மட்டத்தில், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டாவது ஜோடி கீழே, இடுப்பின் பின்புறம் இரண்டு குழி விழுமே, அந்த இடத்தில். இடத்துக்குக் காரணம் இருக்கிறது. கருப்பை சுருங்கி வாய் திறக்கிற நேரத்து வலி மேல் மட்டத்து நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது, குழந்தை இறங்கி வருகிற நேரத்து வலி கீழ் மட்டத்து நரம்புகள் வழியாக.

சரி, கரண்ட் வைத்தால் வலி எப்படிக் குறையும்? மேஜைக் காலில் முட்டியை இடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்கிறோம், தேய்க்கிறோம் இல்லையா? தொடுகையைக் கொண்டுபோகிற நரம்பு இழைகள் தடித்தவை, வேகமானவை, வலியைக் கொண்டுபோகிற இழைகள் பெரும்பாலும் மெல்லியவை. தடித்த இழைகள் வழியே செய்தி நிறைய வந்தால் தண்டுவடத்திலேயே ஒரு கதவு சாத்திக்கொள்கிறது, வலிக்கு உள்ளே போக இடம் குறைகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் சொன்ன கருத்து இது. அதிலிருந்து சில வருஷங்களுக்குள் டென்ஸ் வந்தது, 1977-இல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் டாக்டர்கள் அதைப் பிரசவத்தில் வைத்துப் பார்த்து எழுதினார்கள். வலியைத் தணிக்க உடம்பே சுரக்கிற எண்டார்பினும் சேர்ந்து வேலை செய்யும் என்கிறார்கள். அது சேர நேரம் பிடிக்கும் என்பதால்தான் வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒட்டாதே, ஆரம்பத்திலேயே ஒட்டு என்று சொல்வது.

இப்போது என் கதை. ராத்திரி பதினொரு மணிக்கு இடுப்பில் பிடிக்க ஆரம்பித்தது. அம்மா, சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தார், கையோடு நல்லெண்ணெயைச் சுடவைத்து முதுகு முழுக்கத் தேய்த்தும் விட்டார். சுகமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து என் கணவர் பேட் ஒட்ட வந்தார், ஒன்று கூட நிற்கவில்லை. ஒட்டுகிறார், வழுக்குகிறது, அழுத்துகிறார், இன்னும் கீழே வழுக்குகிறது, நடுவில் எனக்கு வலி வந்துவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்து ஒட்டி முடிக்கும்போது மணி ஒன்று. தினமும் அடுத்தவர் முதுகில் ஒட்டுகிற எனக்கே இந்தக் கதி. எண்ணெயோ, சித்தாலேப்ப தைலமோ, எதுவானாலும் முதுகில் தடவிவிட்டால் பேட் பிடிக்காது. ஒட்டப் போகிறவர் முன்கூட்டியே தன் முன்னங்கையில் ஒட்டிப் பழகிக்கொள்ளட்டும், அந்த ராத்திரியில் செய்முறைத் தாளைப் பிரித்துப் படிக்க முடியாது.

ஒட்டியபின் எப்படி இருந்தது? முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி. சுள்ளென்று இருக்கும், ஆனால் வலிக்கக் கூடாது, வலித்தால் அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வலி வராத நேரத்தில் விட்டுவிட்டு ஓடும், வலி எழும்புகிற அந்த நொடியில் பூஸ்ட் பட்டனை அமுக்கினால் தொடர்ந்து வேகமாக ஓடும், வலி இறங்கியதும் இன்னொரு அமுக்கு. இந்த அமுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். அடுத்த வலி எப்போது வரும் என்று பயந்து சுருண்டு கிடக்காமல், வரட்டும், கையில் பட்டன் இருக்கிறது என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் கை கொடுக்கவில்லை. 2009-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் குழு 19 ஆய்வுகளை, மொத்தம் 1,671 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. டென்ஸ் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் வலி மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் அடுத்த பிரசவத்துக்கும் இதை வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலி குறையவில்லை, ஆனால் மறுபடியும் வேண்டும்! எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, நானும் அந்தக் கட்சிதான். வலி முற்றிய கட்டத்தில் இது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-உம் சொல்கிறது, ஆரம்ப நேரத்தில், முக்கியமாக முதுகு வலிக்கு, உதவலாம் என்கிறது. இங்கே முதல் பிரசவம் என்றால் வலி ஆரம்பித்த உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பத்து நிமிஷத்துக்கு மூன்று வலி வருகிற வரை வீட்டிலேயே இரு என்பார்கள். அந்த நீண்ட நேரத்துக்கு மாத்திரையைத் தவிர கையில் வேறென்ன இருக்கிறது?

தண்ணீர் மட்டும் ஆகாது. வெந்நீரில் குளிக்க வேண்டுமா, தண்ணீர்த் தொட்டியில் பிரசவமா, கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கழற்றும்போது முதலில் பெட்டியை அணையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டைப் பிய்த்தால் விளிம்பில் சுரீர் என்று அடிக்கும். என் கணவருக்கு அதற்கான திட்டு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. பத்து மணிக்குப் பட்டன் போதவில்லை, கேஸ் அண்ட் ஏர் என்று மூச்சில் இழுக்கிற வலி மருந்து வாயுவின் வாய்க்குழலைப் பிடித்துக்கொண்டேன், இரண்டும் சேர்ந்தே ஓடலாம். மத்தியானம், கீழுடம்பை மரத்துப்போக வைக்கிற எபிடியூரல் கேட்டேன், முதுகில் ஊசி போட வேண்டும் என்பதால் பேட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார்கள். டென்ஸ் வைத்துவிட்டு எபிடியூரலும் வாங்கினாயா என்று அப்புறம் ஒரு தோழி கேட்டாள். ஆமாம், வாங்கினேன். ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை பத்து வரை ஒன்பது மணி நேரத்தை அந்தப் பெட்டியோடு ஓட்டினேன், அதற்குமேல் அதனிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வாடகைப் பெட்டியைத் திருப்பி அனுப்பத் துடைத்து எடுத்து வைக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது முட்டி வலிக்கு ஆகுமா?" என்றார். ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். போன வாரம் போனில் பேசும்போது, பேட் ஒட்டவே மாட்டேன் என்கிறதே, நீ அனுப்பியது மட்ட சரக்கா என்று கேட்டார். முட்டியில் என்ன தேய்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், கொஞ்ச நேரம் பதிலே இல்லை.