பாட்டிக்கும் ஒரு வேலை கொடுங்க

நடுவர் ஐயா அவர்களே, தருமபுரி பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

'திரையில் வயதான பெண்களுக்கு உரிய இடம் இருக்கிறது'ன்னு அடிச்சுப் பேசிட்டு, எதிரணி அண்ணன் தண்ணி குடிக்கிறார். குடிங்கண்ணே, இனிமேதான் தேவைப்படும்.

சரண்யா பொன்வண்ணனைச் சொன்னார். 'தென்மேற்கு பருவக்காற்று' அம்மா வேஷத்துக்குத் தேசிய விருது வாங்கினவங்க, நடிப்புல குறையே சொல்ல முடியாது. ஆனா 2010ல அவங்களுக்கு வயசு 40. மகனா வந்த விஜய் சேதுபதிக்கு 32! அக்கா வயசுல இருக்கிறவங்களை அம்மா ஆக்கியாச்சு. நிஜமாவே அறுபதைத் தொட்ட நடிகை எங்கே போவாங்க? சுவத்துல மாலை போட்ட போட்டோவுக்கா?

'ஜெயிலர்' வந்தப்ப ரஜினி சாருக்கு 72. பேரன் எடுத்த தாத்தா ஆளுங்களைப் பந்தாடுறார். நானும் விசில் அடிச்சேன். நம்ம பக்கத்து நாச்சிக்குப்பம்தான் அவருக்குப் பூர்வீகம், விட்டுக்கொடுக்க முடியுமா? ஆனா 'படையப்பா'வுல அவரையே எதிர்த்து நின்ன நீலாம்பரி ரம்யா கிருஷ்ணன், இதுல அவர் மனைவியா வீட்டுக்குள்ள கவலையோட உட்கார்ந்திருக்காங்க.

சீரியல்ல மாமியார் ராஜ்ஜியம்தானேங்கிறார் எதிரணி அண்ணன். மருமக காபியில சர்க்கரை கம்மின்னா மூணு பக்கத்துல இருந்து குளோசப். ஹால்ல ஆரம்பிச்சு சமையல்கட்டுல முடியுது அந்த ராஜ்ஜியம்!

இப்போ நம்ம மண்ணுக்கு வாங்க. தமிழ்நாட்டுல மகளிர் சுயஉதவிக் குழு 1989ல முதல்ல தொடங்கினது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த நம்ம பழைய தருமபுரி மாவட்டத்துலதான். அன்னைக்கு முப்பது வயசுல சேர்ந்தவங்க இன்னைக்கு அறுபத்தஞ்சைத் தாண்டிட்டாங்க. கைநாட்டுல இருந்து கையெழுத்துக்கு வந்தவங்க. பேங்க் மேனேஜர் 'நாளைக்கு வாங்கம்மா'ன்னா, 'இருக்கட்டும் சாமி, இன்னைக்கே முடிச்சுக் குடு'ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்றவங்க. புளி தட்டிக்கிட்டே, யாருக்கு எத்தனை தவணை பாக்கின்னு நோட்டைத் திறக்காம சொல்லுவாங்க. அந்த அம்மாவை எந்தச் சேனல்லயாவது பார்த்தீங்களா?

ஔவைன்னா நமக்கு நெல்லிக்கனிதான் ஞாபகம். அதே ஔவையைத்தான் நம்ம மண்ணை ஆண்ட அதியமான், பகை மன்னன் தொண்டைமான்கிட்ட தூது அனுப்பினான். போர் மூளுற நேரத்துல போன தூது ஐயா அது! 1953ல வந்த 'ஔவையார்' படத்துல கே.பி.சுந்தராம்பாள், யாருக்கும் அம்மாவா மாமியாரா இல்லாமலே மொத்தப் படத்தையும் தாங்கினாங்க.

மணியில கை வெச்சிட்டீங்க, தெரியுது. அடுத்துப் பேச வர்ற எதிரணித் தங்கச்சிக்கு ஒண்ணே ஒண்ணு: அம்மா இல்ல, மாமியார் இல்ல, பாட்டி இல்ல, தனக்குன்னு ஒரு தொழில் பார்க்கிற அறுபது வயசுக் கதாநாயகிங்க அஞ்சு பேரைச் சொல்லும்மா. ஔவையாரை நான் எடுத்துக்கிட்டேன், அவங்களைச் சேர்க்கக் கூடாது.