வாத்து நெஞ்சுக்கறியும் ஒரு கிலோ கல்லுப்பும்

வணக்கம் நேயர்களே. பாரிஸ் உணவகச் சமையலறைகளில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன் நான். நம்மவர்கள் பலரைப் போல நானும் கோப்பை கழுவும் இடத்தில் தொடங்கித்தான் குளிர் உணவு மேசைக்கு வந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு 'பிளான்ஷ்' அடுக்குவது. உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, அரைத்து வேகவைத்த இறைச்சியான பத்தே, சீஸ், ரொட்டி எல்லாம் வைத்து வருமே, அந்த மரப்பலகை. அதில் வைக்கும் இறைச்சி வகைகளுக்குப் பொதுப்பெயர் ஷார்குத்ரி. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பிரெஞ்சில் 'ஷேர்' என்றால் இறைச்சி, 'குய்த்' என்றால் வெந்தது. வெந்த இறைச்சி என்பதுதான் பெயரே. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பதினோராம் லூயி மன்னன் காலத்தில், பாரிஸில் இந்தத் தொழில் செய்தவர்கள் தனிச் சங்கமாக அங்கீகாரம் பெற்றார்கள். அன்று பச்சை இறைச்சி விற்பது கசாப்புக்காரர்களின் உரிமை. இவர்கள் பன்றி இறைச்சியை வேகவைத்தோ உப்பிட்டோ பதப்படுத்தித்தான் விற்கலாம். கையில் இருப்பது கெடாமலும் இருக்க வேண்டும், ருசியாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்தவைதான் பத்தேயும், கொழுப்பில் மெதுவாக வேகவைத்து உதிர்த்த இறைச்சியான ரியேத்தும்.

கிராமத்துக் கதை இதைவிடப் பழையது. குளிர் பிறந்ததும் வீட்டில் வளர்த்த பன்றியை அடிப்பார்கள். ஒரு குடும்பம் ஒரே வாரத்தில் அவ்வளவையும் தின்று தீர்க்க முடியுமா? தொடையை உப்பில் புதைத்தார்கள், குடலில் இறைச்சியை அடைத்துத் தொங்கவிட்டார்கள், கொழுப்பை உருக்கினார்கள், இரத்தத்தைக்கூட விடவில்லை. இன்று உணவகத்தில் இருபது யூரோ கொடுத்து வாங்கும் பலகை, ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்று நினைத்த ஏழைக் குடியானவர்களின் சேமிப்பு. அதை நினைக்கும்போது எனக்கு அந்த வேலைமேல் மரியாதை கூடும்.

உப்பு என்ன செய்கிறது? இறைச்சியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறையக் குறையக் கிருமிகளால் பெருக முடியாது. கருவாடு போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு வெயில் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுத்தது. இங்கே குளிர், மெதுவாக. பயோன் ஹாம் என்ற உப்பிட்ட பன்றித் தொடை குறைந்தது ஏழு மாதம் காத்திருக்கிறது.

சரி, வீட்டில் செய்வோம். நம்மில் பலர் பன்றி சாப்பிடுவதில்லை. அதனால் நான் சொல்லப்போவது வாத்து நெஞ்சுக்கறி, கடையில் 'மக்ரே' என்று கேளுங்கள். 400 கிராம் அளவில் ஒன்றும், ஒரு கிலோ கல்லுப்பும் போதும். பாத்திரத்தின் அடியில் உப்பைப் பரப்பி, கறியை வைத்து, மேலேயும் உப்பால் மூடி, குளிர்பெட்டியில் 12 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உப்பு நனைந்திருக்கும், கறி இறுகியிருக்கும். தண்ணீரில் அலசி, ஈரமே இல்லாமல் துடைத்து, இடித்த மிளகைச் சுற்றிலும் அழுத்துங்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி மறுபடி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று வாரம். பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், அது மூச்சுவிட வேண்டும். வைக்கும் முன் எடை பாருங்கள். 400 கிராம் 280 ஆகும்போது தயார். வெட்டிப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு ஒரு விரல் அகலம். இது வேகாத இறைச்சிதான், கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டாம்.

அரைத்த இறைச்சியைக் குடலில் அடைத்து உலர்த்தும் சொசேஜான சொசிசோனை மட்டும் வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். 1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் கெட்டுப்போன சொசேஜ் தின்று இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த உணவு நஞ்சு நோய்க்குரிய பொட்டுலிசம் என்ற பெயரே சொசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அரைத்த இறைச்சியை அடைக்கும்போது ஆபத்து உள்ளே போய்விடும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

இனிப் பலகை. சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள், குளிரில் அதற்கு ருசி இல்லை. வாத்தைக் கூரான கத்தியால் சாய்வாக, ஒளி தெரியும் மெல்லிசில் சீவுங்கள். தடிப்பாக வெட்டினால் வெறும் உப்புத்தான் நாக்கில் நிற்கும். பக்கத்தில் வாத்து ரியேத் ஒரு சின்னக் கிண்ணம், ஒரு துண்டு கோந்தே சீஸ், உப்பில்லாத வெண்ணெய், பகெத் என்ற நீள ரொட்டி. வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரியான கோர்னிஷோன் கட்டாயம் வேண்டும். கொழுப்பால் மந்தமாகும் நாக்கை அதன் புளிப்பு எழுப்பிவிடும். அதைக் காகிதத்தில் ஒற்றி வைக்கச் சொல்வார் என் முதல் சமையல்காரர். வினிகர் ஓடி ரொட்டியைத் தொட்டால் பலகையையே திருப்பி அனுப்புவார். இப்போது படங்களில் வரும் பலகைகளில் சாக்லேட்டும் மிட்டாயும் குவிந்து கிடக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்த கறியை அங்கே தேட வேண்டியிருக்கிறது.

நான்கு பேருக்கு இந்த ஒரு மக்ரே தாராளம். அப்புறம், சீவும்போது நுனியில் மிஞ்சும் கொழுப்பை எறிந்துவிடாதீர்கள். சிறு துண்டாக்கிச் சட்டியில் உருக்கி, அதில் உருளைக்கிழங்கைப் பொரியுங்கள்.

நன்றி, வணக்கம்.