அடுப்புக்கு மேலே ஓர் உப்புக் குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள களக்காடு முண்டந்துறை காட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அது. சிங்கவால் குரங்குகள் விரும்பித் தின்னும் வெடிப்பலா மரங்களைக் கணக்கெடுப்பது என் வேலை. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முறை வைத்துத் தங்கும் குடிலில் எனக்கும் இடம் கிடைத்தது. ஒரே அறை, தகரக் கூரை, யானை நெருங்காதபடி சுற்றிலும் அகழி. அரிசிக்கும் உப்புக்கும் யானை சுவரையே இடித்துவிடும்.

அரிசி, பருப்பு, புளி, வற்றல், கருவாடு, எல்லாம் தலைச்சுமையாக வந்தாக வேண்டும். ஐப்பசி மழையில் ஓடை பெருகியதும் பதினொரு நாள் யாரும் ஏறி வர முடியவில்லை. மலையுச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம் அது. காற்றே ஈரம்தான்.

உப்பைத் துணிப்பையில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டது நான் செய்த பிழை. நான்காம் நாள் பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து பாதி போய்விட்டது. என்னுடன் இருந்த காவலர், காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்த அண்ணாச்சி, ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. எஞ்சியதைக் கொட்டாங்கச்சியில் வழித்து, அடுப்போரம் காயவைத்து, வேளைக்கு ஒரு சிட்டிகை என்று அளந்தார். விறகையும் அப்படித்தான் காத்தார். இன்று வெட்டியது இன்று எரியாது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் பத்து நாள் புகை குடித்த பிறகே இறங்கும். தீப்பெட்டி மட்டும் அரிசிப் பானைக்குள் புதைந்திருக்கும். “அரிசி குறைந்தால் கஞ்சியாக்கிக் குடிக்கலாம் தம்பி. தீக்குச்சி நமுத்தால் அதுவும் இல்லை” என்பார்.

எளிமையாக வாழ்ந்துவிட்டு வந்தீர்களே என்று நண்பர்கள் என்னைப் பாராட்டும்போது கூச்சமாக இருக்கிறது. நான் மூன்று மாதத்தில் இறங்கிவிட்டேன். அந்த ஒரு சிட்டிகை உப்போடு அவர் விடிந்ததும் ரோந்துக்குக் கிளம்புவார். கணுக்காலில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசியிருப்பார். திரும்பும்போது அதையும் மீறி அட்டை கடித்த ரத்தம் வழியும். அவரைப் போன்றவர்களுக்கு மழைக்கு முன்பே நல்ல காலணியும் ஒரு மாத உணவுப்பொருளும் மேலே போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்லத்தான் உங்களிடம் பேச வந்த இந்த அழைப்பை ஏற்றேன்.

பன்னிரண்டாம் நாள் ஓடை வடிந்து மூட்டை வந்தது. அண்ணாச்சி உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, தயாராகச் சீவி வைத்திருந்த மூங்கில் குழாயில் கொட்டி, அடுப்புக்கு மேலே கட்டினார். பிறகுதான் உலை வைத்தோம்.